விற்பதற்காகப் பெயின்ட் அடிக்காதீர்கள்: பழைய கார் விற்பவர்கள் செய்யும் தவறுகள்

அம்பாசடர் உற்பத்தி 2014இல் உத்தர்பாரா ஆலையோடு முடிந்தது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே நின்றுபோனது. வண்டலூர் அருகே உருவான நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதற்கும் வெகுகாலம் முன்பே போய்விட்டது. இனி இவற்றில் ஒன்றுகூடப் புதிதாக வராது. அதனால்தான் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் ஓடாமல் நிற்கும் வண்டியையும் தேடிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அப்படியிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் காயலான் கடை விலைக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்துகின்றன. பெரும்பாலும் அதற்குக் காரணம் வண்டியின் பழுது அல்ல. விற்பதற்கு முன் அதற்குச் செய்ததும், செய்யாமல் விட்டதும்தான்.

முதல் தவறு, துருவையும் பள்ளத்தையும் பட்டி என்ற பசையால் அடைத்துப் பெயின்ட் அடிப்பது. மனிதரை வரவேற்க வீட்டுக்கு வெள்ளையடிப்பதுபோல, வாங்க வருகிறவருக்காக வண்டியைப் பளபளப்பாக்குகிறார்கள். விவரம் தெரிந்தவருக்கு அந்தப் பளபளப்பே முதல் சந்தேகம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுப்பார். மட்கார்டின் ஓரம், கதவின் அடிப்பகுதி, டிக்கியின் தரை என்று ஒவ்வோர் இடமாக வைப்பார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும்; பட்டி கனமாகப் பூசிய இடத்தில் வழுக்கி விழும். அடுத்து கால்மிதியைத் தூக்கிவிட்டு, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். தகடு உள்வாங்கினால் பேச்சு அங்கேயே தடம் மாறிவிடும். அதன்பிறகு எஞ்சினைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட அவர் நம்பமாட்டார். துரு இருந்தால் தெரியட்டும். எங்கெல்லாம் இருக்கிறது என்று நீங்களே கைகாட்டுங்கள், கிட்டத்தில் படமும் எடுத்து அனுப்புங்கள். வெளுத்துப்போனாலும் ஆலையில் அடித்த பெயின்ட் மிச்சமிருக்கும் வண்டியைத்தான் மீட்டெடுக்க நினைப்பவர் விரும்புவார். புதுப் பெயின்டைச் சுரண்டி எடுக்கும் செலவும் சேர்ந்து உங்கள் விலையிலிருந்துதான் கழியும்.

பாதி வேலை பார்த்துவிட்டு நிறுத்துவதும் இதே வகைதான். எஞ்சினைக் கழற்றி மேசைமேல் பரப்பிவைத்து, பணம் போதாமல் அப்படியே விற்க வருகிறவர்கள் உண்டு. முழுசாக நிற்கும் ஓடாத எஞ்சினுக்கு ஒரு விலை உண்டு. சாக்கில் கட்டிய எஞ்சினுக்கு அதில் பாதிகூடத் தேறாது, எந்தப் பாகம் தொலைந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாதல்லவா? பெரிய பழுதில் கை வைத்தால் முழுமையாக முடியுங்கள்; முடியாதென்றால் தொடவே வேண்டாம். கழுவித் துடைப்பது, டயரில் காற்று நிரப்பித் தள்ளினால் நகரும்படி வைப்பது, உள்ளே குடியிருக்கும் எலியை விரட்டுவது ஆகியவை போதும்.

வருடக்கணக்கில் நின்ற வண்டியை வேறு பேட்டரி வைத்து ஒரே மூச்சில் ஸ்டார்ட் செய்து காட்டும் ஆசையையும் அடக்க வேண்டும். டாங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும், சிலிண்டருக்குள் துரு பிடித்திருக்கும். அவசரப்பட்டு முடுக்கினால் நன்றாக இருந்த பிஸ்டன் வளையமும் போய்விடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, அம்பாசடராக இருந்தால் முன்பக்கக் கைப்பிடியைப் போட்டு மெல்லச் சுற்றிப் பாருங்கள். எஞ்சின் சுற்றினால் அது ஜாம் ஆகவில்லை என்பதற்கு அதுவே போதுமான சாட்சி. வாங்க வந்தவர் கையிலேயே கைப்பிடியைக் கொடுத்துச் சுற்றச் சொல்லலாம்.

அசல் பாகங்களைத் தனித்தனியாக விற்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மார்க் 2 அம்பாசடரின் கட்டம்போட்ட கிரில், பத்மினி கதவின் முக்கோணக் கண்ணாடி, சக்கர மூடிகள், மீட்டர்கள் போன்றவற்றைத் தேடிச் சென்னை புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்குகிறார்கள். உங்கள் வண்டியிலிருந்து கழன்ற பழைய பாகம் பரணில் கிடந்தால் அதையும் வண்டியோடு சேர்த்துக் கொடுங்கள்.

இனி காகிதம். தகட்டுத் துருவைவிட அதிக விற்பனையைக் கெடுப்பது இதுதான். வண்டி அப்பா பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல ஆண்டு ஆகியிருக்கும். முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் (ஆர்.டி.ஓ.) படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் விலை பேசவே கூடாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025இல் மறுபடி உயர்த்தினார்கள். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. இதையெல்லாம் யார் கட்டுவது என்று பேசி முடிக்காமல் முன்பணம் வாங்கினால் சண்டைதான் மிஞ்சும்.

ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் எஞ்சின் மாட்டிய அம்பாசடர்களும் பத்மினிகளும் நம் ஊரில் ஏராளம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் பெயர் மாற்றம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நின்றுவிடும். 1989க்கு முந்தைய எம்.டி., எம்.எஸ். என்று தொடங்கும் பழைய பதிவெண் இன்னும் உங்கள் வண்டியில் இருக்கிறதா? சேகரிப்பவர்கள் அதற்கென்றே கூடுதல் விலை தருவார்கள். விளம்பரப் படத்தில் அது தெரியட்டும்.

பழையது எல்லாம் ‘விண்டேஜ்’ என்று விளம்பரம் கொடுப்பதும் வேண்டாம். 2021ஆம் ஆண்டு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. அதற்கெனத் தனிப் பதிவெண் உண்டு, புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. 1985ஆம் ஆண்டுப் பத்மினியை விண்டேஜ் என்று எழுதினால் விவரம் தெரிந்தவர் அழைக்கவே மாட்டார்.

விலையில் ஒரே ஒரு எச்சரிக்கை: அணிவகுப்பில் மின்னும் காரின் விலையை உங்கள் வண்டிக்குச் சொல்லாதீர்கள். அந்த மினுமினுப்புக்கு அதன் உரிமையாளர் கொட்டிய பணம் வண்டியின் விலையையே தாண்டியிருக்கலாம்.

கடைசியாக, கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவங்களைத் தரகரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. கார் பலர் கைமாறிய பிறகு நடந்த விபத்து ஒன்றில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. அந்த மனிதர் வண்டியை எப்போதோ விற்றுவிட்டவர். ஆகவே பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரையும் முகவரியையும் உங்கள் கண்முன் நிரப்பச் சொல்லுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்பனையைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. வேறு மாநிலத்துக்குப் போகிறதென்றால் தடையின்மைச் சான்றும் வேண்டும். ஒப்படைத்த தேதி, மணி இரண்டையும் எழுதிய ரசீதில் இருவரும் கையெழுத்திட்டு, அவருடைய அடையாள அட்டை நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயரே இன்னும் வந்தால் அன்றே வாங்கியவரை அழைத்துப் பேசுங்கள். அவர் மழுப்பினால் ரசீதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் எழுத்துமூலம் முறையிடுங்கள்.