துக்க வீட்டில் கிறிஸ்தவ ஆறுதல்: முதல் ஓராண்டுக்கான வழிகாட்டி

அடக்கம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் பல வீடுகளில் துக்கத்தின் முழுக் கனமும் தெரிய ஆரம்பிக்கிறது. அதுவரை போதகர், சபையார், உறவுக்காரர் என்று ஆள் இருந்தார்கள். பாட்டும் ஜெபமும் இருந்தது. அதற்குப் பிறகு வரும் நாட்களுக்கானவை இந்தக் குறிப்புகள்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கி வையுங்கள். "விசுவாசி இப்படி அழலாமா, சாட்சி கெட்டுப்போகுமே" என்று துக்க வீட்டில் யாராவது சொல்வார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. 1 தெசலோனிக்கேயர் 4:13-இல் பவுல் துக்கப்படவே வேண்டாம் என்று எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதுகிறார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார். மோசேக்காக இஸ்ரவேலர் மோவாபின் சமனான வெளிகளில் 30 நாள் அழுதார்கள். அழுகையை அடக்கி வைப்பதால் விசுவாசம் பெருகுவதில்லை. அடக்கிய அழுகை பல நேரம் எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் வெளியே வரும்.

முதல் இரண்டு வாரம்: உடம்பைக் கவனியுங்கள்

சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற தீர்க்கதரிசி எலியாவிடம் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான் (1 இராஜாக்கள் 19). துக்கத்தின் தொடக்க நாட்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை. பசி எடுக்காது, எடுக்கும்வரை காத்திருக்காமல் மூன்று வேளையும் கொஞ்சம் கஞ்சியோ இட்லியோ சாப்பிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இந்த வாரங்களில்தான் அதிகம் விட்டுப்போகும். அந்தப் பொறுப்பை வீட்டில் ஒருவர் பெயரில் ஒப்படையுங்கள்.

விசாரிக்க வருகிறவர்களைக் காலை 10 முதல் 12 வரை, மாலை 5 முதல் 7 வரை என்று நேரம் வைத்து வரச் சொல்லலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. வாசலில் நின்று இதைச் சொல்ல ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் போதும். "உங்களுக்காக ஜெபிக்கிறோம், வேறென்ன செய்யட்டும்?" என்று சபையிலிருந்து கேட்கிறவர்களிடம் குறிப்பான வேலையைக் கொடுங்கள். இந்தியாவில் இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் என்று வேலை நீளும். கூடவே அலுவலகத்துக்கு வந்து வரிசையில் நிற்கிற ஒரு சபை மூப்பர் பத்து ஆறுதல் கூட்டங்களுக்குச் சமம்.

இந்த நாட்களில் நீண்ட ஜெபம் வராது. வேதவாசிப்பு அட்டவணை வைத்திருந்தால் அதை நிறுத்தி வையுங்கள்; விட்டுப்போன அதிகாரங்களின் கணக்கு குற்ற உணர்வைத்தான் வளர்க்கும். ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒரு வரி போதும்: "கர்த்தாவே, எனக்கு இரங்கும்." அதுவும் வராதபோது பக்கத்தில் உட்கார்ந்து வேறொருவர் ஜெபிக்கட்டும். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாத நேரத்தில் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26. பெருமூச்சும் ஜெபக் கணக்கில் சேரும்.

புலம்பல் சங்கீதங்களை வாசிக்கும் முறை

மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் என்று தொடங்கலாம். எல்லோரும் 23-ஐயும் 91-ஐயும் எடுத்துக் கொடுப்பார்கள். 23 நல்லது. ஆனால் 91 பலரைக் காயப்படுத்துகிறது. "பொல்லாப்பு உனக்கு நேரிடாது" என்று வாசிக்கும்போதே நேரிட்டுவிட்டதே என்று நெஞ்சு கேட்கும். அதைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். 6, 13, 22, 31, 42, 77, 88, 130 ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். தூக்கம் வராத இரவுக்கு 77: "நான் தூங்காதபடி என் கண்ணிமைகளைப் பிடித்திருக்கிறீர்" என்கிறது அதன் 4-ஆம் வசனம். தூக்கமின்மையைக்கூடத் தேவனிடமே முறையிடலாம் என்பதற்கு அது அனுமதி.

வாய்விட்டு, மெதுவாக, பத்து நிமிடம். விளக்கவுரை வேண்டாம்.

13-ஆம் சங்கீதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டில், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, அதே "எதுவரைக்கும்" மறுபடி மறுபடி வருகிறது. மூன்றும் நான்கும் மன்றாட்டு: நோக்கிப் பாரும், செவிகொடும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. துக்கத்தில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மற்றவர்கள் அவர்களைச் செய்ய வைக்கும் தவறும் அதுவே, முதல் நான்கு வசனங்களைத் தாண்டி நேராக ஐந்தாவதுக்குப் போவது. அப்படிப் போனால் நம்பிக்கை உதட்டளவில் நின்றுவிடும். முறையீட்டிலேயே ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதில் திருப்பமே இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, சபையின் பாட்டுப் புத்தகமாக இருந்த சங்கீதங்களில் ஒன்றுதான்.

பிறகு இதே அமைப்பில் உங்கள் சொந்தப் புலம்பலை எழுதுங்கள். ஒரு நோட்டில், தேதி போட்டு, நான்கு வரி: அழைப்பு, முறையீடு, கேட்பது, பற்றிக்கொள்வது. கணவரை இழந்த ஒருவர் இப்படி எழுதலாம்:

"ஆண்டவரே, இந்தச் சாயங்கால நேரம் எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து வாசலுக்குப் போகிறேன். ஏன் அவரை எடுத்துக்கொண்டீர் என்று எனக்கு விளங்கவே இல்லை. இன்று ஆறிலிருந்து ஒன்பதுவரை என்னோடு இரும். நீர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதீர் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன்."

கேட்பது சிறியதாக, நேரம் குறித்ததாக இருக்கட்டும். வாழ்நாள் முழுவதும் தாங்கும் பலத்தை ஒரே நாளில் கேட்டால், அது கிடைத்ததா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? மூன்று மணி நேரத்துக்குக் கேட்டால் ஒன்பது மணிக்குத் தெரியும். நான்காவது வரி வராத நாளில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

காயப்படுத்தும் ஆறுதல் வார்த்தைகள்

"கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபு தானே தன் வாயால் சொன்னது; அடுத்தவர் அவன்மேல் போட்டதல்ல. அதைச் சொன்ன அதே யோபு 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அவனுடைய நண்பர்கள் செய்த நல்ல காரியம், ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தது. பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது. யாராவது வசனத்தை வைத்து உங்களை அடித்தால், "இப்போது பதில் சொல்லத் தெம்பில்லை, கொஞ்சம் ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

இன்னும் கடினமான ஒன்று உண்டு. நோயில் இருந்தபோது "பிழைப்பார்" என்று யாரோ தீர்க்கதரிசனம் சொல்லியிருப்பார்கள், உபவாசம் இருந்திருப்பீர்கள். இறந்த பிறகு, "விசுவாசம் போதவில்லை" என்ற பேச்சு காதில் விழும். அதை நம்பாதீர்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கேட்டார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவென்று யார் சொல்வார்கள்? தற்கொலையால் இழந்த வீட்டாரிடம் நியாயத்தீர்ப்பைப் பேசுகிறவர்களையும் வாசலோடு அனுப்புங்கள். தீர்ப்பு தேவனுடையது.

நம்பிக்கை என்றால் எதை?

"நல்ல இடத்தில் இருக்கிறார்" என்பது ஆறுதலின் பாதிதான். ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் நாம் அறிக்கையிடுவது சரீரம் உயிர்த்தெழுதலை. 1 கொரிந்தியர் 15 மரணத்தைச் சிநேகிதன் என்று சொல்லவில்லை, பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்கிறது. ஆகையால் மரணத்தை வெறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உயிர்த்தெழுந்த இயேசு தழும்புகளோடு வந்தார், மீன் சாப்பிட்டார், "மரியாளே" என்று பெயர் சொல்லி அழைத்தார். நீங்கள் நேசித்தவரின் கையும் குரலும் தேவனுக்கு வேண்டாத பொருட்கள் அல்ல. யோவான் 11, 20, 1 கொரிந்தியர் 15, வெளிப்படுத்தல் 21 ஆகிய நான்கு அதிகாரங்களை மாதத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். வேகம் வேண்டாம்.

சபைக்குத் திரும்புவது, பண்டிகைகள்

முதல் ஞாயிறு பயமாக இருக்கும். ஓரத்து இருக்கையில் உட்காருங்கள். அடக்க ஆராதனையில் பாடிய பாட்டு வந்தால் வெளியே போய்வரலாம். கூடவரும் ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு 30-ஆம் நாள் திருப்பலியும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளும் துக்கத்துக்கு ஒரு இடம் தருகின்றன, அவற்றைத் தவறவிடாதீர்கள். இறந்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லாத சபையாரும் அந்த நாளில் கல்லறையைச் சுத்தம் செய்து, பூ வைத்து, ஒரு சங்கீதம் வாசித்துத் தேவனுக்கு நன்றி சொல்லலாம். கிறிஸ்துமஸைவிடப் பலருக்குக் கடினம் டிசம்பர் 31 இரவு ஆராதனை. பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் கைகுலுக்கும்போது, அவர் இல்லாத ஒரு புது வருஷத்துக்குள் போகிறோம் என்று நெஞ்சு அடைக்கும். வீட்டிலேயே ஒன்பது மணிக்குச் சின்னதாக ஜெபித்துத் தூங்குவதும் சரியே. புது வருஷ வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையை மறுநாள் யாராவது கொண்டுவந்து தருவார்கள்.

பிள்ளைகளும் விதவைகளும்

சிறு பிள்ளையிடம் "தாத்தா தூங்குகிறார்" என்றால் அது தூங்கப் பயப்படும். "இயேசப்பா எடுத்துக்கிட்டார்" என்றால் இயேசப்பாவுக்குப் பயப்படும். "தாத்தாவோட உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, செத்துட்டாங்க. இயேசப்பா அவங்களைப் பத்திரமா வெச்சிருக்கார். நமக்கு அழுகையா வருது, அழலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். அதே கேள்வியைப் பத்துமுறை கேட்கும். பத்துமுறையும் அதே பதில்.

கிறிஸ்தவ வீடுகளிலும் கணவனை இழந்தவளைக் கல்யாண வீட்டில் பின்னால் நிறுத்தும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வேதத்தில் இதற்கு ஆதாரமில்லை. விதவைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்கிறது யாக்கோபு 1:27. மகள் நிச்சயதார்த்தத்தில் அம்மாதான் முன்னால் நிற்க வேண்டும். இதைப் போதகரே வெளிப்படையாகச் சொன்னால் குடும்பம் கேட்கும்.

எப்போது மருத்துவர்

அலை அலையாக வந்து போகும் துக்கம் இயல்பு. ஆறு மாதம், ஒரு வருடம் கடந்தும் அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்கு ஏக்கம் குறையாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்: இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, இரவிலும் அழைக்கலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவல்ல.

வருடம் முடிவதற்குள் சபையில் வேறொரு துக்கம் நடக்கும். "உங்களுக்குத்தான் புரியும், வந்து நாலு வார்த்தை சொல்லுங்க" என்று உங்களைக் கூப்பிடுவார்கள். அடக்கத்துக்குப் போக முடியாவிட்டால் போக வேண்டாம். பதினைந்தாம் நாள், கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஒரு தூக்குவாளியில் ரசம் சாதம் எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வசனம் சொல்ல வேண்டியதில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி, "அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.