செயற்கைப் புல் விரித்தால் முற்றத்துத் தண்ணீர் வடிந்துவிடுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை ஓய்ந்து இரண்டு நாளாகியும் முற்றம் காயவில்லை, கால் வைத்தால் பொதக்கென்று உள்ளே போகிறது என்றால் பலருக்கும் செயற்கைப் புல்தான் நினைவுக்கு வருகிறது. விரிப்பின் அடியில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன, தண்ணீர் கீழே போய்விடும் என்பது கணக்கு. கீழே என்றால் எங்கே? இதைக் கேட்காமல் வேலையை ஆரம்பிப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை.

இந்தப் புல் பெயர் வாங்கிய கதையே வேடிக்கையானது. 1966-இல் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் மைதானத்தில் விரித்த பிறகுதான் உலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. அது கூரை போட்ட அரங்கம், உள்ளே மழையே விழாது. வெயில் போதாமல் செத்த நிஜப் புல்லுக்கு மாற்றாக வந்த பொருளிடம் நாம் மழையைச் சமாளிக்கச் சொல்கிறோம். சமாளிக்கும்தான், ஆனால் தனியாக அல்ல.

விற்பனைத் தாளில் மணிக்கு நூற்றுக்கணக்கான மில்லிமீட்டர் மழையை வடிக்கும் என்று போட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது விரிப்பின் கணக்கு, மண்ணின் கணக்கு அல்ல. ஊறிய களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. வரைதான் தண்ணீரை உள்ளே விடும். மணற்பாங்கான மண் 20, 30 மி.மீ. கூட விடும். 100 சதுர மீட்டர் முற்றத்தில் 50 மி.மீ. மழை பெய்தால் அது 5,000 லிட்டர். களிமண் தரையில் அதில் பெரும்பகுதி புல்லுக்கு அடியில் நின்றுகொண்டிருக்கும். போதாததற்கு, உயிருள்ள புல் வேரால் உறிஞ்சி ஆவியாக்கிக்கொண்டிருந்த பங்கும் இனி இல்லை.

அதனால் விலை விசாரிக்கும் முன் ஒரு குழி தோண்டுங்கள். 30 செ.மீ. ஆழம் போதும். தண்ணீர் நிரப்பி, முழுக்க ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 2.5 செ.மீ. இறங்கினால் மண் ஒத்துழைக்கும். 1 செ.மீ.கூட இறங்காவிட்டால் குழாய் போட்டுத் தண்ணீரை வெளியே கொண்டுபோகாமல் வேலை நடக்காது. ஊற்றாமலே குழியில் தண்ணீர் சுரந்தால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது என்று பொருள். அங்கே புல்லுக்கு அடியில் போடும் ஜல்லிக்காகப் பள்ளம் தோண்டினால் அது தொட்டிதான் ஆகும்.

அதிகம் கோட்டைவிடும் இடம் ஜல்லி. தூள் கலந்த ஜல்லியைப் போட்டு அழுத்தினால் தரை மேஜைபோல வழவழவென்று அமையும். வேலை செய்பவருக்கும் சுலபம், பார்ப்பவருக்கும் திருப்தி. ஆனால் அந்தத் தூள்தான் இடுக்குகளை அடைத்துத் தண்ணீரை மறிக்கிறது. மழை மிகுந்த இடத்துக்குத் தூள் சலித்த, முனையுள்ள உடைகல் வேண்டும். அதில் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம் இருக்கும். 10 செ.மீ. கனத்துக்குப் போட்டால் 40 மி.மீ. மழையைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து மெதுவாக விடும். உருண்டைக் கூழாங்கல் வேண்டாம், அது மிதிக்க மிதிக்க நகரும்.

ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரிக்காமல் விடுவது அடுத்த தவறு. ஈரக் களிமண் மேலே பிதுங்கி ஜல்லிக்குள் ஏறும், ஜல்லி கீழே அமிழும். இரண்டே மழைக்காலத்தில் தரை மேடும் பள்ளமுமாகிவிடும். களை வராது என்று பிளாஸ்டிக் தாளை விரிக்கிறவர்களும் உண்டு. களை வராதுதான், தண்ணீரும் போகாது. மண் ஈரமாக இருக்கும்போதே மிஷின் போட்டு இடித்து இறுக்குவதும் கூடாது. சேற்றைப் பிசைந்து அதன் இடுக்குகளை நாமே மூடுகிறோம்.

வாட்டம், அதாவது தரையின் சரிவு, மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. இருக்க வேண்டும், வீட்டுச் சுவரை விட்டு விலகும் பக்கமாக. ஜல்லியின் மேல்பரப்பில் மட்டும் வாட்டம் கொடுத்துவிட்டு அடிமண்ணைத் தட்டையாக விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஓடப்போவது அடிமண்ணின் மேல்தான். ரசமட்டத்தை அங்கேயே வைத்துப் பாருங்கள். துளைக்குழாய் பதித்தால் துளைகள் கீழ்நோக்கி இருக்கட்டும், குழாயின் வாய் தண்ணீரை ஏற்கும் இடத்தில் திறக்கட்டும். பக்கத்து வீட்டுச் சுவரடியில் திறந்தால் பிரச்சினை தீரவில்லை, வீடு மாறியிருக்கிறது.

சுற்றிலும் சிமென்ட் விளிம்பு கட்டுவோர் தாழ்ந்த பக்கத்தில் வழி விட மறந்துவிடுகிறார்கள். கூரைத் தண்ணீர் கொட்டும் குழாயை அப்படியே புல்லின்மேல் விடுவது இன்னும் மோசம். 100 சதுர மீட்டர் கூரை என்றால் முற்றத்துக்கு விழும் மழை இரட்டிப்பாகிறது. அதை முதலில் திருப்பிவிட்டாலே சில வீடுகளில் புல்லுக்கே அவசியம் இருக்காது.

புல் இழைகளுக்கு நடுவே ரப்பர் துகள் தூவினால் பெருமழையில் மிதந்து ஒரு மூலையில் சேரும், கொஞ்சம் வடிகாலுக்கும் போகும். சிலிக்கா மணல் கனம், நின்ற இடத்தில் நிற்கும். நிழல் விழும் மூலையில் பாசி பிடிக்கும், உதிர்ந்த இலை மட்கித் துளைகளை அடைக்கும். பராமரிப்பே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜல்லி வேலை முடிந்த கையோடு புல்லை விரித்துவிடவும் வேண்டாம். ஒரு நல்ல மழை பெய்யட்டும், இல்லையென்றால் ஹோஸ் பைப்பை மணிக்கணக்கில் திறந்துவிடுங்கள். எங்காவது குட்டை நின்றால் அந்த இடத்தில் ஜல்லியைக் கிளறி வாட்டத்தைச் சரிசெய்வது அரைநாள் வேலை. புல்லை ஒட்டி, ஆணியடித்து, மணலும் தூவிய பிறகு அதே குட்டையைத் தேடிப் போவதானால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.