எலி எவ்வளவு தின்றது?

போன வாரம் ஒரு மாணவி வரைபடத்தோடு வந்து நின்றார். எஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் வகைப் பெண் ஹார்மோன்) ஊசி போட்ட எலிகளின் ஈரலில் துத்தநாகமும், அமினோ அமிலங்களை மாற்றும் ஏஎல்டி என்ற நொதியும் கூடியிருந்தன. "ஹார்மோன் வேலை செய்யுது சார்!" முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எலிகள் தினமும் எவ்வளவு தீவனம் தின்றன என்று கேட்டேன். "கூண்டுல எப்பவும் போட்டு வெச்சிருந்தோம் சார்." இருபது வருடத்துக்கு முன்னால் என் கைடிடம் நான் சொன்ன பதிலும் இதேதான்.

எலி ஆய்வுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். கூண்டுக்குப் பெயர் எழுதாதது, பைப்பட்டை மாற்றி வைத்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். முதல் மாதமே திட்டு வாங்கித் திருந்திவிடுவீர்கள்.

பசியை ஹார்மோன் கணக்கில் எழுதுவது

எஸ்ட்ராடையால் ஏறினால் எலிக்குப் பசி குறையும். நாளுக்கு 18 கிராம் தின்றுகொண்டிருந்தது 13, 14 என்று இறங்கும். பக்கத்துக் கூண்டில் கண்ட்ரோல் எலி, அதாவது ஒப்பிடுவதற்காக ஹார்மோன் கொடுக்காமல் வைத்த எலி, வயிறு முட்டத் தின்னும். ஆக, அரைவயிற்று எலியை முழுவயிற்று எலியோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் ஊசியின் தலையில் கட்டுகிறோம்.

அரைவயிறு ஈரலை என்ன செய்யும்? சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் கரைந்து ஈரல் சிறுக்கும். கார்ட்டிகோஸ்டிரோன் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி, மெட்டலோதயோனின் என்ற புரதத்தைத் தூண்டும்; அது துத்தநாகத்தை ஈரலுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அமினோ அமிலங்களிலிருந்து சர்க்கரை செய்யும் வேலை அதிகமாவதால் ஏஎல்டியும் கூடும். செம்பின் கதை வேறு. உள்ளே இருப்பது மாறாவிட்டாலும், ஈரல் சிறுத்துவிட்டதால் கிராமுக்கு இவ்வளவு என்று எழுதும்போது ஏறியது போலவே தெரியும். முழு ஈரலுக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? மூன்றாவதாக ஒரு குழு வேண்டும். ஊசி போட்ட எலி நேற்றுத் தின்ற எடையை அதன் ஜோடி எலிக்கு இன்று கொடுக்க வேண்டும். ஜோடிக்கு ஊசியில் வெறும் நல்லெண்ணெய். தின்றதை அளப்பதுதான் பெரும்பாடு. கூண்டுக்கு அடியில் தாள் விரித்து, சிந்திய தூளைப் புழுக்கையிலிருந்து சலித்தெடுத்து, மூத்திரத்தில் ஊறியதை உலர்த்தி எடை போட வேண்டும். தினமும் காலையில் முக்கால் மணி நேரம். அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் நான் அளக்காமல் விட்டேன்; ஒரு வருடம் போனது.

மூன்று குழுவோடு திரும்பச் செய்தபோது ஊசி எலிக்கும் ஜோடி எலிக்கும் ஈரல் துத்தநாகம் ஒன்றாகவே இருந்தது. தீசிஸில் ஒரு அத்தியாயம் குப்பைக்குப் போனது. சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) செம்பின் ஏற்றம் மட்டும் பொய்க்காமல் நிலைத்தது. ஈஸ்ட்ரோஜன் ஈரலைச் செருலோபிளாஸ்மின் என்ற புரதம் அதிகம் செய்ய வைக்கும், ரத்தத்துச் செம்பில் பெரும்பகுதி அதன்மேல்தான் சவாரி செய்கிறது.

இதிலும் ஒரு பொறி உண்டு. ஜோடி எலி கொடுத்ததைச் சீக்கிரமே தின்று முடித்துவிட்டு மீதி நேரம் பட்டினி கிடக்கும். காலையில் அறுக்கும்போது அதன் வயிறு எப்போதோ காலியாகியிருக்கும். தீவனத்தைப் பிரித்துக் கொடுங்கள். பெரிய பங்கை இருட்டும் நேரத்தில் வையுங்கள், எலி ராத்திரியில் தின்னும் பிராணி.

துத்தநாகம் பூசிய கூண்டு

எலி கம்பியைக் கடிக்கும். பூச்சிலுள்ள துத்தநாகம் வயிற்றுக்குள் போகும். அப்புறம் தீவனத்தில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் துத்தநாகம் என்று அளந்து கலந்ததற்கு அர்த்தமே இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலின் ரப்பர் மூடியையும் சந்தேகப்படுங்கள்.

இடிடிஏ குழாய்

ரத்தம் உறையாமலிருக்க இடிடிஏ போட்ட குழாயில் ரத்தம் பிடிக்க வேண்டாம். நாம் அளக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் துத்தநாகத்தை நம்பி வாழும் நொதி. இடிடிஏ அதைப் பிடுங்கிவிடும்.

சிவந்த சீரம்

சீரம் சிவந்திருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது; கொட்டிவிடுங்கள். சிவப்பணுவுக்குள் ஏஎல்டி போன்ற இன்னொரு நொதியான ஏஎஸ்டியும் உண்டு, துத்தநாகமும் உண்டு.

பெண் எலியின் சுழற்சி

எலியின் சொந்த ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்குவது நான்கைந்து நாளுக்கு ஒரு சுற்று. சினைப்பை எடுக்காத எலி என்றால் தினமும் யோனி ஸ்மியர் எடுத்து, சுற்றில் எந்தக் கட்டம் என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

உடல் எடையை வைத்துச் சமாளிப்பது

அந்த மாணவி கடைசியில் கேட்டது இதுதான்: வாராவாரம் எடுத்த எடையிலிருந்து தின்றதைக் கணக்கிட முடியாதா? முடியாது. ஒரே அளவு தின்றாலும் எஸ்ட்ராடையால் ஏறிய எலியின் எடை வேறு மாதிரி போகலாம். அடுத்த எலிகள் மாசக் கடைசியில் வருகின்றன. சல்லடை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.