தைல மர இலையில் எண்ணெய் எடுப்பது எப்படி?

கடலூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளை ஒட்டி நிற்கும் தைல மரம் நீலகிரியில் வளரும் இனம் இல்லை, எண்ணெய் குறைவாகத்தான் கிடைக்கும், ஆனாலும் எடுக்கலாம். பாத்திரத்தின் அடியில் தண்ணீர் ஊற்றி, மேலே துளைத் தட்டு வைத்து முற்றிய பச்சை இலையை நிரப்புங்கள். தண்ணீர் இலையைத் தொடக்கூடாது, ஆவிதான் ஊடுருவிப் போக வேண்டும். மூடியிலிருந்து வரும் குழாயைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் சுருளாக விடுங்கள், அடைப்பு இருக்கவே கூடாது. நம்ம ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் ஆவி குளிராமல் எண்ணெய் காற்றோடு போய்விடும்.

வடியும் நீரின் மேல் எண்ணெய் மிதக்கும். அதைப் பிரித்து அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். அப்புறம், மூட்டு வலிக்குத் தேங்காய் எண்ணெயில் சில சொட்டு கலந்து தேய்க்கலாம். குழந்தைகளின் மூக்கருகே தடவாதீர்கள். குடித்துவிட்டால் வலிப்பு வரை போகும், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.