வரிசை மாற்றத்தை இனம்கண்டு எண்ணுவது எப்படி

பயணப் பெட்டியில் மூன்று எண் சக்கரங்களோடு வரும் பூட்டைக் ‘காம்பினேஷன் லாக்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணிதத்தின் கண்ணால் பார்த்தால் அந்தப் பெயர் பொருந்தாது. காம்பினேஷன் என்பது தமிழில் சேர்வு; சேர்வில் வரிசைக்கு இடமில்லை. இந்தப் பூட்டோ 409 என்று வைத்தால் 940-க்குத் திறக்காது. சரி, வரிசை மாற்றம் (பெர்முடேஷன்) என்று சொல்லிவிடலாமா என்றால் அதுவும் முழுப் பொருத்தம் இல்லை, ஏனெனில் 477 போல ஓர் இலக்கம் இருமுறை வரவும் இங்கே தடையில்லை; அதனால்தான் மொத்த வாய்ப்புகள் 10×10×10 = 1000 ஆகின்றன. ஆகவே சூத்திரத்தைத் தேடும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும்: இடம் மாறினால் பொருள் மாறுகிறதா? ஒன்றே மறுபடியும் வரலாமா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றும் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை கிடைத்தால், கையில் இருப்பது வரிசை மாற்றம்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் மிக அழகான கணக்கு, பாஸ்கராச்சாரியார் 1150-இல் எழுதிய லீலாவதியில் உள்ளது. நான்கு கைகளில் சங்கு, சக்கரம், கதை, தாமரை ஆகியவற்றைக் கைமாற்றி ஏந்துவதால் திருமாலுக்கு எத்தனை வடிவங்கள் உண்டாகும் என்று அவர் கேட்கிறார். முதல் கையில் நான்கில் எதையும் வைக்கலாம். அது போனபின் அடுத்த கைக்கு மூன்று, அதற்கடுத்த கைக்கு இரண்டு, கடைசிக் கைக்கு எஞ்சிய ஒன்று. 4×3×2×1 = 24. இப்பெருக்கலையே பாடநூல்கள் காரணீயப் பெருக்கம் என்று அழைத்து 4! என எழுதுகின்றன. கேசவன், நாராயணன், மாதவன் என்று தொடங்கும் 24 திருநாமங்களுக்குரிய சிலைகளைச் சிற்ப மரபு வேறுபடுத்துவதும் எந்தக் கையில் எது உள்ளது என்பதைக் கொண்டுதான். எந்தப் பெயருக்கு எந்த அமைப்பு என்பதில் நூல்கள் தம்முள் வேறுபட்டாலும், எண்ணிக்கை 24 என்பது மாறுவதில்லை. அதே கணக்கில் பத்துக் கைகளும் பத்துப் பொருள்களும் உடைய சிவபெருமானுக்கு 10! = 36,28,800 வடிவங்கள்.

எண்ணிக்கை தெரிந்தால் போதாது, எல்லாவற்றையும் விடுபடாமல் எழுதியாக வேண்டும் என்றால் மனம்போன போக்கில் எழுதக் கூடாது; இருபதைத் தாண்டியதும் எது வந்தது, எது வரவில்லை என்ற குழப்பம் உறுதியாக வரும். 14-ஆம் நூற்றாண்டின் நாராயண பண்டிதர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் முறை இதற்கு ஏற்றது. பொருள்களுக்கு 1, 2, 3, 4 என எண்ணிட்டு 1234-இல் தொடங்குக. இப்போது 1342-க்கு வந்து நிற்கிறோம் என்று கொள்வோம். வலக்கோடியிலிருந்து இடப்பக்கமாக வரும்போது, தன் வலப்பக்கத்து எண்ணைவிடச் சிறியதாக முதலில் எதிர்ப்படுவது 3. அதற்கு வலப்புறம் உள்ளவற்றுள் 3-ஐவிடப் பெரியவற்றில் சிறியது 4. இரண்டையும் இடம் மாற்றினால் 1432. மாற்றிய இடத்துக்கு வலப்புறம் உள்ள 32-ஐத் திருப்பி எழுதினால் 1423. அதுவே அடுத்த வரிசை. இப்படியே 4321 வரை சென்றால் இருபத்து நான்கும் ஒன்றுகூட விடுபடாமல், எதுவும் இருமுறை வராமல் கிடைத்துவிடும்.

கர்நாடக இசையில் வரிசை மாற்றமும் சேர்வும் அருகருகே இருப்பதால் அங்கே தடுமாறுவது எளிது. ஏழு ஸ்வரங்களையும் ஒவ்வொன்றும் ஒருமுறை வருமாறு முன்பின்னாகக் கோத்தால் 7! = 5040 கோவைகள் கிடைக்கும்; இது வரிசை மாற்றம். தாய் ராகங்களான மேளகர்த்தா ராகங்கள் 72 என்பதோ வேறு வகைக் கணக்கு. ரி, க இரண்டுக்கும் பொதுவாக நான்கு ஸ்வரத்தானங்கள் உள்ளன. எந்த இரண்டைத் தேர்ந்தாலும் தாழ்ந்தது ரி, உயர்ந்தது க என்பது முன்பே முடிவாகிவிட்டதால் வரிசைக்கு வேலையில்லை, 4×3 = 12 ஆக வேண்டியது 6 ஆகிறது. த, நி இரண்டுக்கும் அவ்வாறே 6, மத்யமத்துக்கு 2. ஆகவே 6×6×2 = 72.

ஒரே பொருள் இரண்டு இருந்தால் அவற்றைத் தமக்குள் மாற்றுவதால் புதிது எதுவும் தோன்றாது. அந்த மிகைக் கணக்கை வகுத்து நீக்க வேண்டும். ‘பாப்பா’ என்பதில் பா, ப், பா என மூன்று எழுத்துகள். பா இரண்டு இருப்பதால் 3! ÷ 2! = 3 வரிசைகள். ஆனால் எதை ஓர் எழுத்தாகக் கொள்கிறோம் என்பதைக் கணினியிடம் வேலையை ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டும். ‘அம்மா’ நமக்கு மூன்று எழுத்து, ஆறு வரிசை. யூனிகோடில் அது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறியீடுகள். பைத்தான் நிரல்மொழியில் அப்படியே கொடுத்தால் 120 வரிசைகளை அச்சிடும், அவற்றுள் பல புள்ளியும் காலும் அந்தரத்தில் தொங்குபவை. முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரித்துப் பட்டியலாக்கிக் கொடுப்பதே முறை.

உயர்கணிதத்தில் ‘வரிசை மாற்றம்’ என்னும் சொல் வரிசையைக் குறிப்பதோடு நிற்காமல், வரிசையை மாற்றும் செயலையும் குறிக்கிறது. ஐந்து பேர் இருக்கை மாறுகிறார்கள்: 1-இல் இருப்பவர் 2-க்கும், 2-இல் இருப்பவர் 3-க்கும், 3-இல் இருப்பவர் 1-க்கும் செல்ல, 4-உம் 5-உம் தமக்குள் மாறுகின்றன. இதே மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால், மூன்றின் சுற்றும் இரண்டின் சுற்றும் ஒருசேர முடிவது ஆறாம் முறையில்; அப்போதுதான் எல்லோரும் பழைய இருக்கையில் இருப்பார்கள். ஒரு மாற்றத்தை இவ்வாறு சுற்றுகளாகப் பிரித்து எழுதுவது வெறும் ஏட்டுப் பயிற்சி அன்று. ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறி இயந்திரத்தைப் போலந்துக் கணிதவியலாளர் மரியன் ரெயெவ்ஸ்கி 1932-இல் உடைத்தது வரிசை மாற்றங்களின் கணிதத்தைக் கொண்டுதான். இயந்திரத்தின் முன்பலகையில் கம்பிகளைச் செருகி எழுத்துகளை இணை இணையாக மாற்றினாலும் சுற்றுகளின் நீளம் மாறாது. ஆகவே கம்பி இணைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளே சுழலும் உருளைகளின் அன்றைய அமைப்பை மட்டும் தனியே தேட அவருக்கு வழி கிடைத்தது.