கலிஃபோர்னியாவில் வீட்டுக்கு நீச்சல் குளம்: பெர்மிட் கட்டணத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி

பூல் கட்டலாம் என்று இறங்கினால் கான்ட்ராக்டர் கொடுக்கும் எஸ்டிமேட்டில் ‘பெர்மிட்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும், எதிரே 2,000 டாலர் மாதிரி ரவுண்டாக ஒரு தொகை. சிட்டி போடும் பில் அப்படி ரவுண்டாக வராது. அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு கட்டணங்கள் ஒளிந்திருக்கின்றன. சிலது குளத்தின் மதிப்பைப் பார்த்து ஏறும், சிலது எல்லாருக்கும் ஒன்றுதான், சிலது நம் பக்கம் ஏதாவது சொதப்பினால் மட்டும் வரும். எது எந்த வகை என்று தெரிந்தால்தான் எங்கே கேள்வி கேட்க வேண்டும் என்பதே தெரியும். கலிஃபோர்னியாவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் பே ஏரியா, சாக்ரமென்டோ, இர்வைன் பக்கம் வீடு வாங்கிய நம் ஆட்கள் வெயில் ஏற ஆரம்பித்ததும் கேட்பது இதைத்தான்.

உங்கள் வீடு யார் எல்லையில்?

தபால் முகவரியில் சான் ஹோசே என்று இருந்தாலே வீடு சான் ஹோசே சிட்டிக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில பகுதிகள் எந்த சிட்டியிலும் சேராமல் நேராக சான்டா கிளாரா கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கீழ் வருகின்றன. அங்கே அலுவலகமும் வேறு, கட்டணப் பட்டியலும் வேறு. பக்கத்துத் தெரு நண்பர் கட்டிய தொகையை வைத்து பட்ஜெட் போடுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் அந்த சிட்டியின் அல்லது கவுன்டியின் கட்டணப் பட்டியலை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள், இந்த வருடத்தையதுதானா என்று மேலே இருக்கும் தேதியைப் பார்த்து. இங்கே சிட்டிகளின் நிதியாண்டு வழக்கமாக ஜூலை 1இல் தொடங்கும், கட்டணத்தையும் பல இடங்களில் அதையொட்டித்தான் ஏற்றுவார்கள். ஜூன் மாதம் வரைபடம் தயாராக இருந்தால் தள்ளிப்போடாமல் கொடுத்துவிடுங்கள்.

பெர்மிட்டே தேவைப்படாத குளமும் உண்டு. முழுக்கத் தரைக்கு மேலே நிற்கிற, 24 அங்குலத்துக்கும் குறைவான ஆழமுள்ள, 5,000 கேலனுக்கு மிகாத ரெடிமேட் குளத்துக்குக் கட்டட பெர்மிட் வேண்டாம். குழந்தைகள் தண்ணீரில் விளையாட மட்டும்தான் வேண்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், இந்தத் தலைவலியே இல்லை.

கணக்கு எங்கிருந்து வருகிறது

கட்டணம் போடுவதில் இரண்டு பழக்கம் இருக்கிறது. சில சிட்டிகள் பூலுக்கு என்று ஒரே நிலைத்த தொகை வைத்திருக்கும், அங்கே கணக்கே இல்லை. மற்றவை வேலையின் மதிப்பைப் பார்த்து படிப்படியாக ஏற்றும். இந்தப் படிமுறையின் மூதாதை 1997ஆம் ஆண்டு யூனிஃபார்ம் பில்டிங் கோடு என்ற கட்டட விதித் தொகுப்பில் இருக்கும் 1-ஏ அட்டவணை. அமெரிக்காவில் எத்தனையோ சிட்டிகள் அதை அப்படியேவோ, எண்களை மட்டும் ஏற்றியோ பயன்படுத்தி வந்திருக்கின்றன. அதன்படி 50,000 டாலருக்கு மேல் 1,00,000 வரை உள்ள வேலைக்கு முதல் 50,000க்கு 643.75 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 1,000க்கும் 7 டாலர். 1,00,000ஐத் தாண்டினால் முதல் லட்சத்துக்கு 993.75, அதற்கு மேல் ஆயிரத்துக்கு 5.60.

குளத்தின் மதிப்பு 95,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 643.75உடன் 45 ஏழுகள், அதாவது 315 சேர்த்தால் 958.75. இது பெர்மிட் கட்டணம் மட்டும். வரைபடத்தைச் சரிபார்க்க, அதாவது பிளான் செக் செய்ய, அதே அட்டவணையின்படி இதில் 65 சதவீதம் தனியாக: 623.19. ஆக 1,581.94. எஸ்டிமேட்டைப் பார்க்கும்போது நிறைய பேர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது தொகையைத்தான். இது விண்ணப்பம் கொடுக்கும்போதே வாங்கப்படும், சரிபார்ப்பு முடிந்த பிறகு நீங்கள் மனம் மாறினால் திரும்பி வராது. பெர்மிட் கட்டணம் பெர்மிட் கையில் வரும்போது கட்டுவது, வேலையே தொடங்கவில்லை என்றால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. உங்கள் சிட்டியின் எண்கள் இவற்றை விடக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் அட்டவணையைப் படிக்கும் விதம் இதேதான்.

இதோடு மாநிலத்துக்குப் போகும் இரண்டு சின்னக் கட்டணங்கள். நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் திட்டத்துக்கு, குடியிருப்பு என்றால் 1,00,000 டாலர் மதிப்புக்கு 13 டாலர் வீதம், நம் கணக்கில் 12.35. கட்டடத் தர விதிகளுக்காக ஒவ்வொரு 25,000க்கும் 1 டாலர், மிச்சத் துண்டுக்கும் முழு டாலர், நமக்கு 4. இவற்றைப் பற்றி யாரிடமும் பேரம் பேச வேண்டாம், வேலையில்லாத வேலை. அதற்குக் கீழே ‘தொழில்நுட்பக் கட்டணம்’, ‘ஆவணப் பாதுகாப்பு’ என்று சிட்டியே சேர்க்கும் வரிகள் சதவீதமாக வரும். சேவைக்கு நியாயமாக ஆகும் செலவை விட அதிகமாக பெர்மிட் கட்டணம் வாங்கக்கூடாது என்பது கலிஃபோர்னியாவில் சட்டம், அதனால் புரியாத வரி எதுவானாலும் கவுன்ட்டரில் விளக்கம் கேட்கலாம், தயங்க வேண்டாம்.

மதிப்பு என்று எதைச் சொல்கிறார்கள்

எல்லாம் தொங்குவது மதிப்பில் என்பதால் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மதிப்பு என்றால் பொருள், கூலி இரண்டும் சேர்ந்தது. நீங்களே இறங்கி வேலை செய்தாலும் அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் போடுவார்கள். ஆனால் கான்ட்ராக்டரின் மொத்த ஒப்பந்தத்தில் புல்தரை, செடிகள், தோட்ட விளக்கு, உட்காரும் சாமான் எல்லாம் சேர்ந்து 1,20,000 டாலர் என்று இருந்து, அதில் 25,000 தோட்டத்துக்கு என்றால், விண்ணப்பத்தில் 1,20,000ஐ எழுத விடாதீர்கள். மேலே சொன்ன அட்டவணையில் 1,20,000க்கு பெர்மிட் 1,105.75, பிளான் செக் 718.74, சேர்த்து 1,824.49. குளத்தின் 95,000 மட்டும் எழுதினால் 242.55 டாலர் மிச்சம். பெரிய பணம் இல்லைதான், ஆனால் ஒரு ஒப்பந்தத் தாளைப் பிரித்து எழுதச் சொன்னால் வருகிற பணம். அதற்காக 95,000 குளத்தை 40,000 என்று எழுதலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்: இறுதி மதிப்பை முடிவு செய்யும் அதிகாரம் சிட்டியின் கட்டட அதிகாரிக்கு, நம்ப முடியாத எண்ணாக இருந்தால் அவரே மாற்றிப் போடுவார்.

மின்சாரம், பிளம்பிங், ஹீட்டருக்கு கேஸ் குழாய் ஆகியவை சில சிட்டிகளில் பூல் பெர்மிட்டுக்குள்ளேயே அடக்கம், சில இடங்களில் தனித்தனி பெர்மிட். செப்டிக் டேங்க் உள்ள வீடு என்றால் சுகாதாரத் துறையின் அனுமதி வேண்டியிருக்கலாம்; மண் அள்ளும் வண்டி நடைபாதையை மறித்து நின்றால் அதற்கும், பெரிய மரம் வெட்டினால் அதற்கும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்கள் வாங்குவது வேறு, சிட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தோண்டும் முன் 811ஐ அழைத்து நிலத்தடிக் குழாய்களைக் குறிக்கச் சொல்வது மட்டும் இலவசம்.

சோதனைக்கு வருபவர் திரும்பிப் போனால்

பெர்மிட் கட்டணத்துக்குள் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதும் சேர்த்தி. தயாராக இல்லாமல் அவரைக் கூப்பிட்டு, அவர் திரும்ப வர வேண்டியிருந்தால் மறுசோதனைக் கட்டணம் போடலாம். முதல் முக்கியமான சோதனை, குழியில் கம்பி கட்டி முடித்து கான்கிரீட் அடிப்பதற்கு முன்பு. அப்போது நீங்களும் போய்ப் பாருங்கள்: கம்பிக் கூட்டில் கிளாம்ப் போட்டு, 8ஆம் எண் கெட்டித் தாமிரக் கம்பி ஒன்று ஓடி, பம்பு மோட்டார், ஏணி பொருத்தும் இடம், குளத்தின் விளிம்பைச் சுற்றிய தரை என்று எல்லா உலோகத்தையும் ஒன்றாக இணைக்க வேண்டும். தண்ணீரில் நிற்பவருக்கு ஷாக் அடிக்காமல் காப்பது அதுதான். இன்ஸ்பெக்டர் பார்க்கும் முன் அதன் மேல் கான்கிரீட் அடித்துவிட்டால் உடைத்துக் காட்டச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, அப்போது மறுசோதனைக் கட்டணமெல்லாம் ஒரு செலவே இல்லை.

இன்னொன்று, உள்பூச்சு பூசுவதற்கு முன்பான சோதனை. பூசி முடித்ததும் தண்ணீர் விட்டுவிடுவார்கள் என்பதால் பாதுகாப்பு ஏற்பாடுகளை இந்தக் கட்டத்திலேயே கேட்பார்கள். 2018 முதல் கலிஃபோர்னியாவில் வீட்டில் கட்டும் புதுக் குளத்துக்குச் சட்டத்தில் சொல்லியிருக்கும் ஏழு பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும்: குளத்தை வீட்டிலிருந்து பிரிக்கும் 60 அங்குல வேலி, கழற்றி மாட்டும் வலை வேலி, பாதுகாப்பு மூடி, கதவு திறந்தால் கத்தும் அலாரம், தண்ணீருக்குள் யாராவது விழுந்தால் அடிக்கும் அலாரம் இப்படி. இவை பெரும்பாலும் பூல் ஒப்பந்தத்தில் இருக்காது, கான்ட்ராக்டர் ‘அது ஓனர் பொறுப்பு’ என்பார். வேலிக்கு ஆள் பார்க்காமல் சோதனைக்குத் தேதி வாங்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது

‘பெர்மிட் உட்பட’ என்று எழுதியிருந்தால் எவ்வளவு வரை என்று கேளுங்கள். ‘1,500 வரை உட்பட’ என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் மீதி உங்கள் தலையில். சிட்டியின் ரசீதில் உள்ளதை அப்படியே வாங்கிக்கொள்வது, அலைவதற்கான கூலி தனி வரி, என்று எழுதி வாங்குவது எனக்குப் பிடித்த முறை. முன்பணம் 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக்கூடாது என்பது இங்கே பொதுவான சட்டம், ‘பெர்மிட்டுக்காக முன்னாலேயே 5,000 வேண்டும்’ என்றால் எழுந்து வந்துவிடலாம். அவரிடம் சி-53 என்ற பூல் உரிமம் இருக்கிறதா என்று மாநில உரிம வாரியத்தின் தளத்தில் பாருங்கள். ‘நீங்களே ஓனர்-பில்டர், அதாவது வீட்டுக்காரரே கட்டுபவர், என்று பெர்மிட் எடுத்துவிடுங்கள், கொஞ்சம் மிச்சம்’ என்பவரிடம் ரொம்ப ஜாக்கிரதை: அதில் கையெழுத்துப் போட்டால் வேலையாளுக்கு அடிபட்டால்கூடப் பொறுப்பு உங்கள் மேல் வந்து விழலாம். பெர்மிட்டே எடுக்காமல் கட்டிப் பிடிபட்டால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் விசாரணைக் கட்டணம் என்று இன்னொரு மடங்கு போடுவது பல இடங்களில் வழக்கம்.

பெர்மிட் விவரம் சொத்து வரிக்காக மதிப்புப் போடும் கவுன்டி அசெஸருக்கும் போகும். 1978இல் வந்த, சொத்து வரிக்கு வரம்பு வைத்த 13ஆம் முன்மொழிவின்படி பழைய வீட்டின் மதிப்பைத் தொடமாட்டார்கள், குளத்தால் கூடிய மதிப்புக்கு மட்டும் வரி ஏறும். அதை 60,000 டாலர் என்று போட்டால் அடிப்படை 1 சதவீதமே வருடத்துக்கு 600, உள்ளூர் வரிகள் அதற்கு மேல். மூன்றே வருடத்தில் இது பெர்மிட் செலவைத் தாண்டிவிடும், ஆகவே பட்ஜெட்டில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கடைசித் தவணையை, இறுதிச் சோதனை முடிந்து சிட்டியின் தளத்தில் பெர்மிட் முடிந்ததாகக் காட்டிய பிறகு கொடுங்கள்.