ஊர்ப் பிரச்சனைய நாடகமாப் போட்டு, பாக்கறவங்களையும் நடிக்க வெக்கறது எப்படி?

ஊருக்குள்ள ஒரு பிரச்சனைன்னா கூட்டம் போடுவோம், நாலு பேரு மைக்கப் புடிச்சுப் பேசுவாங்க, மத்தவங்க கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்படிப் பேசாமப் போறவங்களுக்குத்தானுங்க அந்தப் பிரச்சனையோட வலி முழுசாத் தெரியும், அவங்கள உள்ள இழுக்கறதுக்கு ஃபோரம் தியேட்டர், அதாவது நாடகத்த நடுவுல நிறுத்திப் பாக்கறவங்களே வந்து நடிச்சுப் பாக்கறது, அது மாதிரி ஒரு வழிய நான் பாக்கல. பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் 1970கள்ல உருவாக்கினது. 1973ல பெரு நாட்டுல எழுத்தறிவு வேலைக்குப் போனப்ப, பாக்கறவங்க சொல்ற யோசனைய நடிகருங்க நடிச்சுக் காட்டிட்டு இருந்திருக்காங்க, ஒரு அம்மா மட்டும் நான் சொன்னது இப்படி இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொல்லவும், அப்ப நீங்களே வந்து செஞ்சு காட்டுங்கன்னு மேல கூப்ட்டுட்டாரு. மேற்கு வங்கத்துல 1985ல ஆரம்பிச்ச ஜன சம்ஸ்கிருதிங்கற குழு கிராமம் கிராமமா இந்த வழியில நாடகம் போடுது.

நம்ம பக்கத்துக்கு இது ஒண்ணும் அந்நியம் இல்லீங்க. அண்ணமார் கதைல, அதாவது பொன்னர் சங்கர் கதைல, அவங்க போர்ல சாகற படுகளம் வர்றப்ப கேட்டுட்டு இருந்த சனமே விழுந்து எந்திரிக்குதுல்ல.

முதல்ல ஆளு சேக்கோணும். ஆறேழு பேரு போதும், நடிச்ச பழக்கமே வேண்டாம், ஆனா அந்தப் பிரச்சனைல இருக்கறவங்களா இருக்கோணும். மொத நாளே கதை பேசாதீங்க. சிலை வெளையாட்டு வெளையாடுங்க, அதாவது ஒருத்தரு மத்தவங்க கை கால் தலையத் திருப்பி வெச்சு 'நம்ம கம்பெனி' எப்படி இருக்கும்னு பேசாம ஒரு காட்சி நிறுத்தோணும். வாயத் தொறக்கவே கூச்சப்படற அக்காகூட யாரு நிக்கறாங்க, யாரு குனிஞ்சு இருக்காங்க, யாரு மூஞ்சியத் திருப்பிட்டாங்கன்னு கரெக்டா வெச்சுருவாங்க. இதுக்கு நெறய நேரம் குடுங்க, கதை இங்கதான் கெடைக்கும்.

அப்புறம் கதை. ஒரே ஆளு, அவங்களுக்கு ஒரே ஒரு தேவை, அதத் தடுக்கற ஆளுங்க, அவ்ளோதான். உதாரணமா திருப்பூர் பனியன் கம்பெனில செக்கிங் பாக்கற அக்கா, புள்ளையோட ஸ்கூல்ல சாயங்காலம் வரச் சொல்லிருக்காங்க, ஒரு ஷிப்ட்டு முடிச்சுட்டு கெளம்பறேங்கறாங்க. ஷிப்மெண்ட் நிக்குது, ஒன்றரை ஷிப்ட்டு பாத்துட்டுத்தான் போகோணும்ங்கறாரு சூப்பர்வைசரு. பக்கத்து டேபிள் அக்கா தலையக் குனிஞ்சுக்கறாங்க. வீட்டுக்குப் போனா, ஏன் போகலைன்னு வீட்டுக்காரரு சத்தம் போடறாரு. இந்த எடத்துல நிறுத்திருங்க, பத்து பதினஞ்சு நிமிசம் போதும். கடைசில எல்லாம் சரியாயிருச்சுன்னு முடிச்சுட்டா பாக்கறவங்க கை தட்டிட்டுப் போயிருவாங்க, அதனால தோத்துத்தான் முடியோணும்.

எங்க, எப்ப? ஞாயித்துக்கெழமை சாயங்காலம், லைன் வீட்டு காம்பவுண்டுக்குள்ள. மேடை வேண்டாம், தரையே போதும்.

ரெண்டாவது தடவைதான் உசுரே. மொதல்ல முழுசாப் போட்டுக் காட்டிட்டு, மறுபடி ஆரம்பத்துல இருந்து போடுங்க. இப்ப பாக்கறவங்க யாரு வேண்ணாலும் "நிறுத்து"ன்னு சொல்லிட்டு அந்த அக்கா எடத்துக்கு வந்து தனக்குத் தோணறத செஞ்சு பாக்கலாம், தலையக் குனிஞ்ச அக்கா எடத்துக்கும் வரலாம். சூப்பர்வைசர் எடத்துக்கு மட்டும் விடாதீங்க, அவர நல்லவரா மாத்திட்டா பிரச்சனையே காணாமப் போயிரும், நெசத்துல அப்படி நடக்காதுல்லீங்க. சூப்பர்வைசரா நடிக்கறவங்களும் லேசுல விட்டுக் குடுக்கக் கூடாது. ஒருத்தி வந்து ஓவர்டைம்னா ரெண்டு மடங்கு கூலி, அதுதான் சட்டம்னு பேசுவா, நாளைக்கு வேலைக்கு வராதேன்னு பதில் வரும். இன்னொருத்தி வந்து சூப்பர்வைசர்கிட்டயே போகாம மொதல்ல டேபிள்ல இருக்கற நாலு பேரச் சேத்துட்டுப் போவா. அந்த மாத்தத்த எல்லாரும் கண்ணால பாக்கறாங்க பாருங்க, அதுக்காகத்தான் இவ்ளோ பாடும்.

நடுவுல நின்னு நடத்தறவர ஜோக்கர்னு சொல்லுவாங்க. அவரு தீர்ப்பு சொல்லவே கூடாது, "ஏனுங்க, இது நம்ம ஊருல நடக்குமா? இப்படிச் செஞ்சா அடுத்த நாள் என்னாகும்?"னு கூட்டத்தக் கேக்கோணும். எந்திரிக்க தயங்கறவங்களக் கையப் புடிச்சு இழுக்காதீங்க, ஒக்காந்த எடத்துல இருந்து சொன்னாலும் சரி.

ஒரு விசயத்துல ரொம்ப கவனமா இருங்க. நெசமா நடந்த ஒருத்தர் கதைய அப்படியே போடாதீங்க, பேரு, கம்பெனி, தெரு எல்லாத்தையும் மாத்துங்க, அடிபட்டவங்களையே அதத் திரும்ப நடிக்கச் சொல்லாதீங்க. கம்பெனி நிர்வாகத்து ஆளுங்க கூட்டத்துல இருந்தா அன்னைக்கு அந்த நாடகத்தப் போடவே வேண்டாம், பேசினதுக்காக ஒருத்தருக்கு வேலை போனாலும் நம்மளால திருப்பிக் குடுக்க முடியாது. வீடியோவும் எடுக்க விடாதீங்க.

முடிஞ்சதும் டீ குடுத்துட்டே, செஞ்சு பாத்த வழி எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்குங்க. போவால் ரியோ நகர கவுன்சிலரா இருந்தப்ப, 1993ல இருந்து 96 வரைக்கும், இப்படி நாடகத்துல வந்த யோசனைகள வெச்சு 13 சட்டம் கொண்டு வந்தாரு. நமக்கு யூனியன், தொழிலாளர் ஆபீஸ், கிராம சபை இருக்குது, நோட்டுல இருக்கறதுல எது எங்க போகோணும்னு அங்கயே பிரிச்சு, யாரு கொண்டு போறதுன்னு ரெண்டு பேர ஒத்துக்க வெச்சுட்டுக் கலையுங்க.